சீர்த்தட்டோடு இறக்கிவிட்டார்கள்

என் நாத்தனார் வீட்டில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. ப்ளேனைப் பார்த்துப் பயந்து இறங்கி ஓடிவந்த அண்ணி என்று. கல்யாணம், கருமாதி, எங்கே கூடினாலும் யாராவது ஒருத்தர் அதை எடுத்துவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். பாம்பு கிடக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிப் பொறுக்கியே ஆயுசைக் கழித்தவள் நான். நான் பயந்துவிட்டேனாம்.

நடந்தது அது இல்லை. நடந்ததை எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி, எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், அதனால் மெதுவாகத்தான் போகும். நாத்தனாருக்குக் கண் மங்கிவிட்டது, இதைப் படிக்க மாட்டாள். யாராவது படித்துக் காட்டினால் காட்டட்டும்.

என் மகள் ப்ளேன் மெக்கானிக். அவளைப் படிக்கவைத்தது நான்தான். அவள் அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். பரீட்சை மேல் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கினாள். மலேசியாவில் வடக்கே, கெடா பக்கம் ஒரு சின்ன விமானக் கம்பெனி அப்போது இருந்தது. இரண்டு பக்கமும் காத்தாடி சுற்றுகிற சின்ன ப்ளேன்கள். வடக்கேயிருந்து தெற்கே எங்கள் ஜொகூருக்கு வந்து ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகும். ஜொகூரில் அது இறங்கியதும் சுற்றிப் பார்த்து, சரிசெய்து, போகலாம் என்று சொல்லி அனுப்புகிற வேலை என் மகளுக்கு. ஏர்போட் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். லீவு நாளில் எங்கள் ஊர் சாஆவுக்கு, என்னிடம் வருவாள். வந்ததும் பாத்திரம் விளக்குகிற பவுடரைப் போட்டுக் கையைத் தேய்ப்பாள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். எனக்கு அது பிடிக்கும். என் கையும் பழச்சாறு பட்டு அப்படித்தான் இருந்தது.

என்ன வேலை செய்கிறாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்று ஒருநாள் கேட்டேன். அகப்பையை எடுத்து அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். ப்ளேன் தரையில் நிற்கும்போது சக்கரம் மடங்கிவிடாமல் இருக்க ஒரு பின் போட்டுப் பூட்டியிருப்பார்களாம். கிளம்புகிற நேரத்தில் அதை உருவி, அதில் தொங்குகிற சிவப்பு ரிப்பனைப் பைலட்டுக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டுக் கையை ஆட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ப்ளேன் நகரும். அடுப்பங்கரையில் அகப்பையைத் தூக்கிப் பிடித்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அப்படியே செய்து காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் கசிந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். சின்னக் கசிவுதான் லா, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பைலட் சொன்னாராம். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். இவள் முடியாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஏறின ஆளையெல்லாம் இறக்கி, சாமான் வரவழைத்து, மாற்றிப் போட்டபிறகுதான் விட்டாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சாஆ மார்க்கெட்டில் மீன்காரர் கேட்டார். "என்னக்கா, ஒம் மக ப்ளேன் ஓட்டுறாளாமே?"

"ஓட்டுறவன் யாரு வேணா ஓட்டலாம். எம் மக கையாட்டுனாத்தான் அவன் நகர முடியும்."

"அலாமாக்! அப்ப எனக்கு ஒரு டிக்கெட் வாங்கித் தரச் சொல்லுக்கா."

"மொதல்ல நீ நல்ல மீனாக் குடு."

இந்தப் பேச்சை நான் மீன்காரரோடு விடவில்லை. கோயிலில் சொன்னேன், கிளினிக்கில் சொன்னேன், வடக்கே இருக்கிற நாத்தனாரிடம் போனில் சொன்னேன். அவள்தான் முன்பு, "பொம்பளப் புள்ள கையில ஸ்பானரக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கீங்க அண்ணி, நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்று கேட்டவள். அவளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

பிறகு நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. என் வீட்டுக்காரர்தான் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் இல்லாததால் தாய்மாமன் சீரை நான் கொண்டுபோய் வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நலங்கு. அந்தச் சீர்ச் சேலையை உடுத்திக்கொண்டுதான் பெண் மணையில் உட்காருவாள். மகளுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.

"அம்மா, நீங்க எங்க ப்ளேன்லயே போங்க. குடும்பத்துக்கு ஸ்டாஃப் டிக்கெட் உண்டு. ஆனா எடம் காலியா இருந்தாத்தான்."

"காலியா இருக்குமா?"

"எப்பவும் இருக்கும்மா. நம்ம கம்பெனிக்கு அதான பிரச்சினையே."

ஜன்னல் ஓரமாக, இறக்கைக்குக் கீழே சக்கரம் தெரிகிற இடமாகப் பார்த்து அவளே சொல்லிவைத்தாள். "ஏறினதும் கீழ பாத்துக்கிட்டே இருங்க. சக்கரம் உள்ள போகும். எறங்கும்போது திரும்ப வெளிய வரும். அந்த டயரு போன வாரம் நான் மாத்துனது."

நாத்தனாருக்குப் போன் போட்டேன். "ப்ளேன்லயா? நெசமாவா அண்ணி?" என்றாள். "அப்ப நாங்க எல்லாரும் ஏர்போட்டுக்கே வந்துர்றோம், பாத்துக்குங்க."

அன்றைக்குப் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போனேன். பெரிய பையில் முறுக்கு டின். தட்டும், அதில் சேலையும், மஞ்சள் குங்குமமும் பூவும் ஒரு துணியில் கட்டி என் கையில். கம்பெனிக்கு அங்கே பொறுப்பாக இருந்த மேனேஜர் நம்ம தமிழ்ப் பையன்தான். கவுன்ட்டரில் டின்னைத் திறந்து முறுக்கு கொடுத்தேன். "ஆண்ட்டி, சூப்பர்" என்று இரண்டு கை நிறைய எடுத்துக்கொண்டான்.

ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டை ஒரு சின்னப் பெண் மாட்டிவிட்டாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே சக்கரம் தெரிந்தது. கறுப்பாகப் புதுசாக இருந்தது. காதில் பெரிய மூடி மாட்டிக்கொண்டு என் மகள் அந்தப் பக்கம் குனிந்து எதையோ பார்த்துவிட்டுப் போனாள். என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்பு. பயம் என்று ஒரு பொட்டும் என்னிடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவியிடம், எனக்குத் தெரிந்த மலாயில், அது என் மகள் என்று சொன்னேன்.

கதவு மூடவில்லை. மேனேஜர் வந்தான். என் பக்கத்தில் குனிந்தான்.

"ஆண்ட்டி, சின்ன விஷயம். கொஞ்சம் எறங்கணும்."

"என்னாப்பா, எதையாச்சும் மறந்துட்டேனா?"

"இல்ல ஆண்ட்டி, அர்ஜென்ட்டா ஒருத்தர் போகணும். ஹெட் ஆபீஸ் ஆளுக்கு வேண்டியவரு. இன்னைக்கு ஃபுல்லா இருக்கு. ஒங்களது ஸ்டாஃப் டிக்கெட்தான, ரூல் அப்படி. நாளைக்கு நானே ஏத்தி விடறேன் லா."

"இன்னைக்கு நலங்கு. நாளைக்குப் போயி நான் யாருக்குச் சீர் வைக்கிறது?"

"சத்தம் போடாதீங்க ஆண்ட்டி. எல்லாரும் பாக்குறாங்க. ஒங்க மகளுக்குத்தான் கெட்ட பேரு."

அந்த ஒரு வார்த்தையில்தான் எழுந்தேன். வேறு எதற்கும் எழுந்திருக்க மாட்டேன். பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை. சீனக் கிழவி கழற்றிவிட்டாள்.

படியில் இறங்கும்போது எதிரே அந்த ஆள் வந்தான். கறுப்புக் கண்ணாடி, இளவட்டம். வழி விட்டு ஒதுங்கினது நான்தான், தட்டோடு. "சாரி ஆ" என்றான், போனைப் பார்த்துக்கொண்டே. கீழே என் பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் அவனுடைய கோல்ஃப் பையைத் தூக்கி உள்ளே போட்டார்கள். என் சீர் போகக்கூடாது, அவன் பந்து அடிக்கிற தடி போகலாம்.

என்னைக் கட்டடத்தோரம் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். அங்கிருந்து மகள் நேராகத் தெரிந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். கதவு மூடுவதைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான் கையைக் காட்டினேன். நிறுத்து என்று. காத்தாடிச் சத்தத்தில் பேசினால் கேட்காது, அதனால் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். எண்ணெய் கசிகிறது என்று சொல்லட்டும், டயர் சரியில்லை என்று சொல்லட்டும். ஊரே என் வாயால் கேட்டதுதானே, அவள் கையாட்டாமல் அது நகராது என்று.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன்பக்கம் நடந்து போனாள். சிவப்பு ரிப்பனைத் தூக்கிப் பிடித்தாள். அடுப்பங்கரையில் அகப்பையை வைத்துக்கொண்டு செய்து காட்டினது மாதிரியே. கையை ஆட்டினாள். ப்ளேன் போய்விட்டது. மேலே ஏறினதும் சக்கரம் உள்ளே போனதைக் கீழேயிருந்துதான் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, வேலையை முடித்துவிட்டுக் கேன்டீனில் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். தே தாரிக், நுரை பொங்க ஆற்றின டீ, வாங்கி வைத்தாள். நான் தொடவில்லை.

"நிறுத்தியிருக்கலாம்ல நீ?"

"எதைச் சொல்லிம்மா நிறுத்துறது?"

"எதையாச்சும். ஒனக்குத் தெரியாததா?"

"ப்ளேன்ல ஒண்ணும் கோளாறு இல்லையேம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். மேனேஜரிடம் போய் அதற்கு முன்னாலேயே கத்திவிட்டு வந்திருக்கிறாள், அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். இருந்தாலும் அந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. தப்பான பதிலாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

அப்போது போன் அடித்தது. நாத்தனார். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"அண்ணி, ப்ளேன் எறங்கி எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஒங்களக் காணோமே?"

எதிரில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். சாமானை இறக்குகிற மாதிரி என்னை இறக்கிவிட்டார்கள் என்று சொல்லவா? என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே கையாட்டி அனுப்பினாள் என்று சொல்லவா? இவளிடமா?

"ஏறி ஒக்காந்தேம்மா. தல சுத்துச்சு. எறங்கிட்டேன். பஸ்ல வர்றேன்."

அதை அவள் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. பிறகு, "தல சுத்துச்சா, பயமா அண்ணி?" என்றாள். பின்னால் யாரோ சிரித்தது கேட்டது.

மகள் என்னைப் பார்த்தாள். 

பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. கால் இரண்டும் வீங்கி, பட்டுச்சேலை கசங்கி, தட்டில் பூ வாடி. நலங்கு முடிந்து, பெண்ணின் அப்பா வழியில் யாரோ கொடுத்த சேலையை உடுத்தி மணையில் உட்காரவைத்து எழுப்பியாகிவிட்டது. நாத்தனார் மண்டபத்து வாசலில் நின்றாள்.

"வாங்க அண்ணி. பஸ்ஸு நல்லாப் பறந்துச்சா?"

மண்டபத்தில் பாதிப் பேர் அதைக் கேட்டார்கள். நான் கொண்டுபோன சேலையை ஒரு நாற்காலியில் வாங்கி வைத்தார்கள். அந்தப் பெண் அதை உடுத்தி நான் ஒருநாளும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்குச் செய்ய வேண்டிய ஒரு மரியாதை, அது ஒரு பந்து விளையாடுகிறவனால் போயிற்று.

அந்தக் கம்பெனியை அப்புறம் மூடிவிட்டார்கள். எனக்கு வருத்தம் இல்லை. மகள் இப்போது உலு திராமில் வீடு எடுத்திருக்கிறாள், நானும் அவளோடுதான். தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் அங்கே ப்ளேன் பழுது பார்க்கிற ஒரு பெரிய ஹேங்கரில் வேலை. எனக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று பலமுறை கேட்டுவிட்டாள். காசு கொடுத்து வாங்கின டிக்கெட், யாரும் எழுப்ப முடியாது என்கிறாள். நான் ஏறவில்லை. அவள் மாற்றின டயரில் போக ஆசைப்பட்டவள் நான். எவன் மாற்றினதோ அதில் போய் எனக்கு என்ன ஆகப்போகிறது?

போன தீபாவளிக்கு மகளோடு காரில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அன்றைக்குக் கல்யாணம் ஆன பெண்ணுக்கு இப்போது பேசுகிற வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவனுக்கும் கதை சொல்லிவைத்திருக்கிறார்கள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"பாட்டி, ப்ளேன்னா ஒங்களுக்கு பயமா? எனக்கு பயமில்ல."

சிரிப்பு. என் மகள் தட்டைக் கீழே வைத்தாள். "அத்தை, அன்னைக்கு அம்மா ஒண்ணும் பயந்து எறங்கல. எங்க கம்பெனிதான்—"

"பயந்துதான் எறங்குனேன்" என்றேன். "ஒனக்கென்ன தெரியும்? நீ கீழ நின்ன."

அவள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டினாள். குளுவாங் தாண்டின பிறகுதான், "ஏம்மா?" என்றாள்.

"ஏன்னா? அம்மாவ எறக்கி விட்டத வேடிக்கை பாத்துக்கிட்டு கையாட்டுனாளாம்னு நீ அவ வாயில விழணுமா? என்னைச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாளுங்க. ஒனக்குத்தான் பொய் சொல்ல வராதே. வீட்டுல ஒருத்தராச்சும் சொல்லணும்ல."

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"சொல்லிருங்கம்மா" என்றாள். "நான் கையாட்டுனதையும் சேத்தே சொல்லுங்க. அது சரியா இருந்துச்சு, ஆட்டுனேன். ஆனா நீங்க பயந்தவங்க இல்ல."

சேர்த்தே எழுதியிருக்கிறேன்.