விசைக்கும் வண்டிக்கும் நடுவே

சஃபியாவுக்கு நிக்காஹ் ஆனது எழுபத்தாறில். பி.யு.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறியிருந்தாள். அந்தச் சான்றிதழ் மாமியார் வீட்டு பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் போய்விட்டது. கணவர் நெய்னா முகம்மது துபாய்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை காரைக்காலுக்கு வருவார். அவர் இருக்கும்வரை வீட்டில் சஃபியாவின் குரல் கேட்கும். போனபின் அதுவும் அடங்கிவிடும்.

எண்பத்தெட்டில் அவர் வலது கையில் கட்டோடு வந்து இறங்கினார். இரும்புத் தகடு சரிந்து முன்கை நசுங்கியிருந்தது. நோன்புப் பெருநாள் கழித்துக் கை சரியாகித் திரும்பினால் அதே கிரேன், சரியாகாவிட்டால் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாமான்களோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும் வந்தது. ஏதோ ஆபீசில் கழித்துப் போட்டது. பச்சைத் திரை, அதை விளக்கும் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று, பிளாப்பியில் ஒரு கார் விளையாட்டு.

பிடித்து அமுக்கிப் பழக டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அவர் தொடவே இல்லை. விளையாட்டில் மட்டும் உட்கார்ந்தார். வளைந்து வளைந்து போகும் சாலை, இருபுறமும் மரங்கள், மேலே மேகம், மூலையில் ஓடும் மைல் கணக்கு, என்ஜின் உறுமல். இடப்பக்க விசையை அமுக்கினால் வண்டி ஒரு மூச்சு தாமதித்துத்தான் திரும்பும். அதற்குள் பதறி மறுபடி அமுக்குவார். இரண்டு அமுக்கலும் சேர்ந்து வண்டியைச் சாலைக்கு வெளியே தள்ளிவிடும்.

"கை செத்துப்போச்சு சஃபியா. நான் திருப்புறேன், அது திரும்பல."

"கை இல்ல மச்சான், மெஷின்தான் லேட்டு."

"எனக்காகச் சொல்லாத." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு விரல்களை அசைத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

அவர் சாயங்கால அசர் தொழுகைக்குப் போயிருந்தபோது சஃபியா தானே ஓட்டிப் பார்த்தாள். நல்ல கைக்கும் வண்டி தாமதமாகத்தான் திரும்பியது. அப்படியானால் தாமதம் மெஷினுடையதுதான். அதை அவர் கண்முன்னால் காட்டிவிட்டால் போதும், விரல்களை மறுபடி பழக்க ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தாள்.

விளையாட்டு முழுவதும் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டிருந்தது. வரிகளைத் திரையில் வரவழைத்துப் படிக்கலாம், மாற்றலாம். புத்தகத்தையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சாலை ஒரு அடி நகர்வதற்குள் அந்தச் சின்ன மெஷின் எல்லா மரங்களையும் அழித்து வரைந்தது, மேகத்தை நகர்த்தியது, மைலைத் தசமத்தோடு கணக்குப் போட்டது, உறுமியது. கடைசியில்தான் விசையைப் பார்த்தது.

மேகத்தை எடுத்தாள். மரங்களை எடுத்தாள். தசமத்தை முழு எண்ணாக்கினாள். சாலை வெறிபிடித்தாற்போல் ஓடியது. அவளாலேயே ஓட்ட முடியவில்லை. இதை அவரிடம் கொடுத்தால் இன்னும் நொந்துபோவார். வேகம் கூட வேண்டியது சாலைக்கு இல்லை என்பது அப்போதுதான் பிடிபட்டது. சாலை பழைய நடையிலேயே நகர, மிச்சப்படுத்திய நேரமெல்லாம் விசையையே பார்த்துக்கொண்டிருக்கும்படி எழுதினாள். மெஷின் கவனிப்பதற்குள் வரிசையில் தேங்கி நின்ற பழைய அமுக்கல்களைத் துடைத்தெறியவும் ஒரு வரி சேர்த்தாள்.

"ஏம்மா, அடுப்புல ஆணம் தீயுற வாடை தெருவுக்கே தெரியுது, உனக்குத் தெரியல?" என்றாள் மாமியார் ஆஸியா பீவி. "எம்மவன்தான் அந்தப் பொட்டிக்கு முன்னால தவம் கெடந்தான்னா, இப்ப நீயுமா?"

"இதோ வர்றேன் மாமி."

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"மரத்தையெல்லாம் வெட்டிட்டியா?" என்று சிரித்தார். வந்ததிலிருந்து அதுதான் அவர் சிரித்த முதல் சிரிப்பு.

முதலில் இடது கையால் ஓட்டினார். தொட்டதும் வண்டி திரும்பியது. "அட, நீ சொன்னது நெசந்தான்!" என்று வலது கையைத் தூக்கி விசைகள்மேல் வைத்தார். முதல் வளைவிலேயே வண்டி சாலையைவிட்டு இறங்கிவிட்டது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி இறங்கியது. சஃபியா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வளைவைப் பார்த்துவிடுகிறது, தோள் அசைகிறது, அதன்பிறகே விரல் இறங்குகிறது. இப்போது மெஷினில் தாமதமே இல்லை. இருந்த தாமதமெல்லாம் அவருடையது.

கரண்ட் வோல்டேஜ் குறைவு என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் வெகுநேரம் ஓட்டினார். பிறகு தானே ஸ்விட்சை அணைத்தார்.

"கிரேன் கொக்கிக்குக் கீழ ஆளு நிப்பான் சஃபியா. மேல பாக்காமத்தான் நிப்பான். மேல ஒருத்தன் இருக்கான்ற தெம்புல."

"பழகப் பழக சரியாப்போவும் மச்சான்."

"பழகுறேன். ஆனா அவன் தலைக்கு மேல வச்சுப் பழக மாட்டேன்."

வாசற்படியில் ஆஸியா பீவி நின்றிருந்தாள். "என்னடா, டிக்கெட்டுக்குச் சொல்லிறவா?"

நெய்னா முகம்மது மனைவியைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள். "நான் போவலம்மா" என்றார்.

தாயின் பார்வை மருமகள் பக்கம் திரும்பியது. "இவதான் பொட்டியில என்னத்தையோ பண்ணிட்டா."

"ஆமா," என்றார் மகன். "நல்லாவே பண்ணிட்டா."

அடுத்த மாதம் அவர் தம் சித்தப்பா மகனின் இரும்புச் சாமான் கடையில் உட்கார்ந்தார். சில வருஷங்களில் விரல்கள் பேனா பிடிக்கிற அளவுக்கு வந்தன. அன்று சொன்ன அந்த ‘நல்லாவே’ என்ற சொல்லில் நன்றி இருந்ததா, கோபம் இருந்ததா என்று சஃபியாவுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே விரிப்பில் அமர்ந்து சாப்பிட்ட அத்தனை காலமும் அவள் அதை அவரிடம் கேட்கவும் இல்லை.