அத்தை கேட்ட பசை

எங்கள் மலையில் பசையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அந்த நம்பிக்கையை எனக்குக் கொடுத்தது பள்ளிக்கூடத்துக் கைவேலைப் பாடம். போளூர்ப் பக்கத்திலிருந்து வந்த டீச்சர் ஒருவர், பழைய வாரப் பத்திரிகை, துணிக் கிழிசல், புளியங்கொட்டை, காய்ந்த இலை என்று கிடைத்ததையெல்லாம் அட்டையில் ஒட்டிப் படம் செய்ய வைத்தார். நான் ஒட்டிய மயிலை ஆபீஸ் ரூமில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா?

பள்ளிக்கூட ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. காகிதத்தின் மேல் காகிதம் ஒட்ட மைதாப் பசை போதும், ஆனால் மயில்துத்தம் கலக்காவிட்டால் பாச்சை தின்றுவிடும். துணிக்கு அரிசிச் சோறு நல்லது. சாமைச் சோறு உதவாது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். கொட்டை ஒட்டப் பிசின் வேண்டும், அதையும் ரொம்பத் தண்ணீராகக் கரைக்கக் கூடாது. இத்தனையையும், கொல்லைக்காட்டில் களை எடுத்துவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் ஒப்பிப்பேன். "ஒட்ற கையால ரெண்டு ஒலக்க போடு, வா" என்பாள் அம்மா.

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை. முந்தின வருஷம்தான் அவளை ஆலங்காயத்துக்கு இறங்குகிற பக்கம் உள்ள ஒரு மலையூரில் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான கொஞ்ச மாதத்திலேயே மாமா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவர் பொங்கலுக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. ஒரு சேதியும் இல்லை. மாமியார் ஒருநாள் ஏதோ குத்திப் பேச, அத்தை துணியைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எங்கள் மலைச் சனத்தில் இதற்கு வழி இருந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் சரிப்படாவிட்டால் ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் முன்னால் இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்து பேசி, கல்யாணத்தை முடித்துவிடலாம். அதன் பிறகு அந்தப் பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்பா அதற்கு நாள் பேசிவிட்டார். புதிதாக ஒரு மாப்பிள்ளையையும் மனதில் வைத்திருந்தார். மனதில்தான் வைத்திருந்தார் என்றாலும் ஊருக்கே தெரிந்திருந்தது. அத்தை மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் ஒரே ஒரு போட்டோ உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் ஆலங்காயம் ஸ்டுடியோவில் அத்தையும் மாமாவும் எடுத்துக்கொண்டது. பின்னால் ஏதோ அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை. மாமா யாரிடமோ இரவல் வாங்கிய பெல்பாட்டம் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்பார். அத்தை தலையைக் குனிந்து அவர் பக்கமாகச் சாய்ந்திருப்பாள். வரும்போது அவள் துணியோடு சுருட்டிக்கொண்டு வந்தது அந்தப் போட்டோவைத்தான். அதைச் சுவரில் மாட்டியும் வைத்தாள். அப்பாவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

அம்மா குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறவர் படத்தில் கத்தரி படக்கூடாது, கிழிக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பட்டால் அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பார்கள்.

"அந்த ஆளுக்கு இன்னாவாச்சும் ஆச்சுன்னா பாவம் நம்ம வூட்டுக்குத்தான?" என்றாள் அம்மா.

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அப்போது அவர் கண் என்மேல் விழுந்தது. வெட்டத்தானே கூடாது, ஒட்டலாமே! மாமா நிற்கிற இடத்தை மறைத்து எதையாவது ஒட்டிவிடச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே, எங்கள் வீட்டிலேயே, என் பசைக்கு முதல்முறையாக வேலை வந்திருந்தது.

"நல்லா ஒட்டணும். பேத்தாலும் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஒரு குச்சி நுனியில் பலாப்பாலைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பலாக்காய்க் காம்பை ஒடித்தால் வடிகிற பால். "இதுல குருவி உக்காந்தா காலத் தூக்க முடியாது. இதாலயே ஒட்டு."

அதற்கு மேல் நல்ல பசை கிடையாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் ஓடையில் துணி துவைக்கும்போது அத்தை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். துணியை அலசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"தண்ணி பட்டா வுட்டுடுற பசை இருக்குதாடி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது இன்னா பசை அத்தை? ஒட்டினா ஒட்டிக்கினே இருக்கணும்."

"ஒட்டிக்கினு இருக்கட்டும். வேணும்னா எடுக்கறாப்ல இருக்கணும். அடியில கீற படத்துக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

"எதுக்கு?"

அத்தை துணியை முறுக்கிப் பிழிந்தாள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் குழம்பிப் போனேன். ஒரே போட்டோ. ஒட்டச் சொல்கிறவர் எடுக்க முடியாதபடி ஒட்டச் சொல்கிறார். போட்டோவில் நிற்கிறவள் எடுக்கிறபடி ஒட்டச் சொல்கிறாள். அம்மாவிடம் நியாயம் கேட்கப் போனால், "ஓரத்துல மட்டும் தொட்டு வை, ரெண்டு நாள் போவட்டும்" என்று மூன்றாவது யோசனை சொன்னாள். எப்படி ஒட்ட வேண்டும் என்று சொல்ல மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எடுக்கப்போவதை எதற்கு ஒட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு பழைய காலண்டர் படத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைதாப் பசை, சோற்றுப் பருக்கை, பலாப்பால், விளாம்பிசின் என்று நான்கிலும் ஒவ்வொரு துண்டு ஒட்டிக் காயவைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். மைதா வெள்ளையாகத் திட்டு விட்டது. சோறு சொறி பிடித்த மாதிரி நின்றது. பலாப்பால் அசையவில்லை, இழுத்தால் அடியில் இருந்த படத்தையும் உரித்துக்கொண்டு வந்தது. விளாம்பிசின் மட்டும் ஈரம் பட்டதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் இருந்த படம் பளிச்சென்று அப்படியே இருந்தது.

அத்தையின் மேல் உள்ள பிரியத்தால் விளாம்பிசினை எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. சோதனையில் பலாப்பால் என் விரலிலும் தலைமயிரிலும் அப்பிக்கொண்டு, அம்மா எண்ணெய் தேய்த்துத் தேய்த்து எடுத்து முதுகில் இரண்டு வைத்தாள். அதற்குப் பிறகு பலாப்பாலைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை.

மாமா நின்ற இடத்தில் ஒரு கொன்றை மரம் வைத்தேன். தண்டுக்குப் பழுப்புக் காகிதம், இலைக்கு வாரப் பத்திரிகையின் பச்சைப் பக்கம், பூவுக்கு மிட்டாய்த் தாள். பூ ஒவ்வொன்றையும் விரல் நகம் அளவுக்குக் கத்தரித்து ஒட்டினேன். மயிலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அரண்மனைப் படிக்கட்டின் முன்னால் அத்தை ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்கப்பட்டு நிற்பது போல இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, "ஒட்டிக்கிச்சா?" என்றார். "நல்லா ஒட்டிக்கிச்சு" என்றேன். அது பொய்யும் இல்லை.

பேச்சுக்கு உட்கார்ந்த அன்று, மாமா வரமாட்டார், அவர் பக்கத்து ஆள் யாராவது வந்து தலையாட்டிவிட்டுப் போவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். எங்கள் வாசலில் ஊர்க் கவுண்டரும் பெரியவர்களும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது தன் சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மாமாவே வந்து நின்றார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். பெல்பாட்டம் போட்டோவில் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தார்.

மரம் முறிந்து காலில் விழுந்துவிட்டதாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். எழுதத் தெரியாது, சொல்லி அனுப்பிய ஆளும் ஊர் வந்து சேரவில்லையாம். அப்பா நம்பவில்லை.

"காலு ஒடிஞ்சா வாயும் ஒடிஞ்சுடுமா? ஒரு சேதி சொல்ல ஆளா இல்ல? இங்க எல்லாம் முடிஞ்சு போச்சுங்க" என்று கவுண்டரிடம் சொன்னவர், உள்ளே போய் அந்தப் போட்டோவை எடுத்துவந்து மாமாவிடமே நீட்டினார். "பாரு. படத்துல கூட உனக்கு எடம் இல்ல."

அம்மா கொடுத்த சொம்புத் தண்ணீரை மாமா அப்போதுதான் குடித்திருந்தார். கை ஈரம். போட்டோவை வாங்கி, தான் நின்ற இடத்தில் நிற்கிற மரத்தைப் பார்த்தார். பெருவிரலால் அதை மெல்லத் தடவினார். ஒரு கிளை இலையும் பூவுமாக வழுக்கி அவர் கையோடு வந்தது. அடியிலிருந்து அவருடைய ஒரு கண்ணும் மீசையில் பாதியும் எட்டிப் பார்த்தன.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது.

"இன்னாடி ஒட்டி வெச்சிருக்க? இதான் நீ பள்ளிக்கூடத்துல கத்துக்கினு வந்த லட்சணமா?"

அத்தனை பேர் முன்னால் என் பசையைப் பழித்தால் நான் சும்மா இருப்பேனா? அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினேன். "எனக்கு ஒட்டத் தெரியும்! அத்தைதான் தண்ணி பட்டா வுட்டுடுற பசை வேணும்னு கேட்டாங்க. அடியில மாமாவுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னாங்க. அதுக்குத்தான் விளாம்பிசின் போட்டேன்!"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எல்லோருடைய தலையும் வாசற்படியில் நின்ற அத்தை பக்கம் திரும்பியது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. பசையைப் பற்றித்தானே பேசினேன்?

கவுண்டர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "நீ இன்னாமா சொல்ற?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை படியிறங்கி வந்து மாமாவின் கையிலிருந்து போட்டோவை வாங்கினாள். அவர் குடித்து மிச்சம் வைத்திருந்த சொம்புத் தண்ணீரில் முந்தானை நுனியை நனைத்தாள். அங்கேயே, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து என் மரத்தைத் துடைத்தாள். ஒவ்வொரு பூவாக வந்தது. இலைகள் பச்சைச் சேறு மாதிரி அவள் விரலில் ஒட்டின. தண்டும் போனது. மாமா முழுசாக நின்றார்.

"அப்புறம் இன்னா பேச்சு இருக்குது? எழுந்திருங்கப்பா" என்று கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அம்மா என்னை வாரி எடுத்து, "அத்தை எங்கடி போவப்போறா, தீபாளிக்கு வந்துடுவா" என்றாள். பெரியவர் ஒருவர், பிள்ளைக்கு அத்தைமேல் எவ்வளவு பாசம் பார் என்று உச்சுக்கொட்டினார். அத்தையும் ஓடிவந்து என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "அழுவாதடி, அழுவாதடி" என்று தானும் அழுதாள். எனக்கு அத்தை போவதைப் பற்றி ஒன்றுமே இல்லை. நான் என் கொன்றை மரத்துக்காக அழுதேன். அதைச் சொன்னேன், அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

பொழுது சாய்வதற்குள் அத்தையும் மாமாவும் அவருடைய சித்தப்பாவும் கிளம்பினார்கள். மாமாவால் சுமக்க முடியாது என்று, காலையில் அத்தனை பேச்சுப் பேசிய அப்பாவே அவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் வரைக்கும் முன்னால் நடந்தார். அவரையும் எனக்கு விளங்கவில்லை. அத்தை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். நான் கையாட்டவில்லை. அவ்வளவு அழகாக ஒட்டிக் கொடுத்ததைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, ஒரு மனுஷி எப்படி அப்படிச் சிரித்துக்கொண்டு போகமுடியும் என்று அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.