யாருடைய பச்சைக் கோலி?

அது சோடா பாட்டில் கோலியே இல்லை என்பதை இன்று நான் சொல்லவில்லை.

நான் பழைய கோலிகள் சேர்ப்பதைக் கேள்விப்பட்டு, உறுவையாற்றிலிருந்து அக்காவும் தங்கையுமாக இருவர் வில்லியனூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த பச்சைக் கோலி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். நிலத்தைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டவர்கள், இதற்குத்தான் பஞ்சாயத்து கேட்டார்கள்.

“எழுவத்தஞ்சுல சோடா பாட்டில ஒடச்சி எடுத்தேன். அப்பாகிட்ட அடி வாங்கனது நானு,” என்றார் அக்கா.

“அடி உன்துதான், யாரு இல்லன்னா? மறுநாளே என்கிட்ட ஆடித் தோத்தியே, அத சொல்லு,” என்றார் தங்கை.

லென்ஸில் பார்த்தேன். உள்ளே மெல்லிய நீல இழை ஓடியது. சோடா கோலி வெறும் கண்ணாடி, அதில் இழை இருக்காது.

“இன்னாம்மா, யாருதுன்னு சொல்லேன்,” என்று என்னைக் கேட்டார் அக்கா.

“பழசுதான்,” என்றேன். உண்மையைச் சொன்னால் இருவருக்குமே கோலி இல்லை. சொல்லாவிட்டால் சண்டை தீராது. எது சரி என்று இப்போதும் புரியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சண்டையோடே ஒன்றாக ஓடினார்கள்.

உள்ளே வந்து பார்த்தால் கோலி மேசையிலேயே கிடக்கிறது. இருவரில் யாருக்கு முதலில் போன் செய்வது?