பத்தொன்பதைக் கூட்டிய அக்கா

மருத்துவமனைத் துணி துவைக்கும் எங்கள் கூடத்தில் அவளுக்கு மூட்டை என்று பெயர். வைத்தது நாங்களில்லை, அவள் புருஷன். நாளடைவில் அவளும் அதை எடுத்துக்கொண்டாள். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறும்போது, "ஏறுடி மூட்டை, ஏறித் தொலை" என்று தன்னையே அதட்டுவாள். நான் மட்டும் அக்கா என்பேன், அதுவும் வாய்க்குள்ளேயே.

அவள் எடை தொண்ணூற்று நான்கு. மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தால் முழங்காலுக்கு ஆபரேஷன், இல்லாவிட்டால் அவள் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றார் டாக்டர். மறுபடி முறை வர இரண்டு வருடமாகும். அங்கிருந்த நர்ஸ் அவளிடம், "முதல்ல உங்களை நீங்களே திட்டுறதை நிறுத்துங்க. முடியாதுன்னு வாயில வந்தா, இன்னைக்கு இவ்வளவு முடிஞ்சுதுன்னு மாத்திச் சொல்லுங்க" என்றாளாம்.

அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். படியில் நின்று மூச்சு வாங்கும்போது, "ஆறு படி ஏறிட்டம்மா, நல்லா இருக்கு" என்பாள். சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடி, "போதும் தாயி, காலுக்குப் பாரம் குறையட்டும்" என்பாள்.

"யாருகிட்ட பேசுறே மூட்டை?" என்று மடிப்பு மேசைக்காரி சிரித்தாள்.

"என்கிட்டதான்டி. வேற எவ எங்கிட்ட மரியாதையா பேசுறா?"

திங்கள்தோறும் அழுக்குத்துணி நிறுக்கும் தராசில் ஏறுவாள். அந்தத் தராசு தள்ளுவண்டியின் எடையைத் தானே கழித்துக் காட்டும். வண்டி பத்தொன்பது கிலோ. அதனால் வண்டியில்லாமல் ஏறும்போது, காட்டும் எண்ணோடு பத்தொன்பதைக் கூட்டிக்கொள்வோம். எங்கள் எல்லோருக்கும் அது பழக்கம்.

நடுவில் தராசு பழுதாகி மூன்று வாரம் வெளியே போயிற்று. திரும்பி வந்த அன்றே புது வண்டிகளும் வந்தன. மேற்பார்வையாளர் தராசில் வண்டி எடையை இருபத்தைந்து என்று மாற்றி அழுத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அக்கா ஏறினாள். அறுபத்தேழு காட்டியது. விரல் மடக்கிப் பத்தொன்பதைக் கூட்டினாள்.

"எண்பத்தாறுடி!" அவள் கண் நிறைந்துவிட்டது. "வாய் வார்த்தைக்கு இவ்வளவு பலமா? இத்தனை வருஷம் என்னை நானே திட்டியே கெடுத்துட்டேனே."

உண்மையில் அவள் தொண்ணூற்று இரண்டு. சொல்ல வாயெடுத்தேன். அவள் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று துணியை உதறப் போய்விட்டேன். அடுத்த வாரமும் அப்படியே.

தராசு திரும்பி வந்த அன்று டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஆனால் ஒரு கிலோதானே பாக்கி என்று அவள் டப்பாவை முழுதாகக் காலி செய்யத் தொடங்கினாள். "நல்லா உழைச்சிருக்க, சாப்பிடும்மா" என்று தன்னைச் செல்லம் கொஞ்சினாள். அந்த ஒரு கிலோ எப்படியோ குறைந்தது. எண்பத்தைந்து என்று எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போனாள்.

மறுநாள் வந்தவள் நேரே என்னிடம் வந்தாள். "அங்க தொண்ணூத்தொண்ணு காட்டுது. நம்ம தராசுக்கு என்னடி ஆச்சு?"

"வண்டி மாறிடுச்சுக்கா. இருபத்தஞ்சைக் கூட்டணும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வண்டி வந்த அன்னைக்கே," என்றேன்.

"ஆபரேஷன் போச்சு," என்றாள். "அப்பவே சொல்லியிருந்தா அஞ்சு வாரம் இருந்துச்சேடி."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. படியில் எனக்கு முன்னால் ஏறும்போது அவள் உதடு அசைவது இன்றும் தெரிகிறது. அதட்டுகிறாளா, தேற்றிக்கொள்கிறாளா என்று கேட்க இரண்டு படி நெருங்கினால், சுவரைப் பிடித்து ஒதுங்கி நின்று, "நீ முன்னால போ" என்கிறாள்.