பப்பாளி நிபுணர்கள்

என் தங்கைக்கு ஒன்பதாம் மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. வயிற்றிலேயே உயிர் போயிருந்தது. தலைப்பிரசவம் என்பதால் குத்தாலத்தில் அம்மா வீட்டில் இருந்தாள்; வெறுங்கையோடு அங்கேயே திரும்பினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் துக்கம் கேட்கவில்லை. காரணம் சொன்னார்கள்.

அழாத குழந்தைக்கு எங்கள் பக்கத்தில் சடங்கு எதுவும் கிடையாது. தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டக்கூடாது, காட்டினால் மறக்கமாட்டாள் என்பார்கள். காட்டாவிட்டால் மறந்துவிடுவாள் என்று யார் சோதித்துப் பார்த்தார்களோ. தங்கை நர்ஸிடம் அடம்பிடித்து முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"பப்பாளி சாப்பிட்டியாம்மா?" என்றார் அவளுடைய மாமியார்.

"இல்லைங்கத்தை."

"அன்னாசி?"

"இல்ல."

"பின்ன, வாய்க்கால் கரையில ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு பாடம் எடுக்கப் போனியே. அதான்."

எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, விடவில்லை. "கிரகணத்தன்னைக்கு வெண்டைக்கா நறுக்கினா. நான் கண்ணால பாத்தேன்."

"அதுக்கு உதடுதானே பிளக்கும்பீங்க?" என்றேன்.

"அது சின்ன கிரகணத்துக்குடா."

நான் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன். தெரியாத விஷயத்தை அடித்துப் பேசுவதுதான் என் பிழைப்பு. அந்தக் கூடத்தில் நான் வெறும் கற்றுக்குட்டி.

ஒன்று மட்டும் யார் வாயிலும் வரவில்லை. பிரசவத்துக்கு முந்தைய திங்கட்கிழமை காலையில் தங்கை, "குழந்தை சரியா அசையலம்மா" என்று சொல்லியிருக்கிறாள். அன்று கரிநாள். நிறைமாதப் பெண் ஆகாத நாளில் வாசல் தாண்டக்கூடாது என்று அத்தை தினசரி காலண்டரைக் காட்டினார். குடித்தால் அசையும் என்று சோடா கொடுத்தார்கள். கடைசி மாதத்தில் குழந்தை தூங்கத்தான் செய்யும் என்றார்கள். மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினார்கள். ஸ்கேனில் துடிப்பு இல்லை. நல்ல நேரம் அதன்பிறகும் வெகுநேரம் மிச்சமிருந்ததாம்.

நஞ்சுக்கொடியைச் சோதிக்கலாமா என்று மருத்துவமனையில் கேட்டபோது, "போனதைப் போயி கீறுவாங்களா?" என்று மாமியார் தடுத்தார். தங்கைதான் சம்மதம் சொன்னாள். தன்னால்தான் போயிற்றா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் சாப்பிட முடியவில்லை.

முடிவு வந்ததும் மயிலாடுதுறைக்கு அழைத்துப் போனேன்.

"நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு ரத்தம் சரியா போகலம்மா," என்றார் டாக்டர். "வளர்ச்சியும் குறைவு. உங்களுக்குக் கடைசியில பிரஷர் ஏறியிருக்கு, அதோட தொடர்பு இருக்கலாம். சிலருக்கு சுகர், சிலருக்கு கிருமித்தொற்று. எல்லா சோதனையும் பண்ணியும் காரணமே தெரியாம போறவங்களும் நிறைய பேர்."

"ஸ்கூட்டர்?"

"இல்ல."

"பப்பாளி?" என்றாள், சாப்பிடாதவள்.

"இல்லம்மா. நீங்க பண்ணின எதனாலயும் இல்ல."

"அன்னைக்கே வந்திருந்தா?"

"காப்பாத்தியிருப்போம்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பாத்திருப்போம். அசைவு குறைஞ்சா உடனே வரணும். சோடா குடிச்சுப் பாக்கக்கூடாது."

பஸ்ஸில் எனக்குக் கோபம் பொங்கியது. இத்தனை படித்த டாக்டர் 'இருக்கலாம்' என்கிறார். வெண்டைக்காயை வைத்து அத்தை சத்தியமே செய்கிறார். வயிற்றுக்குள் மூச்சுமுட்டுகிற குழந்தை காலண்டரா பார்க்கும்? வீட்டில் போய்ச் சொல்ல ஒரு காரசாரமான பேச்சைத் தயாரித்துக்கொண்டேன். இரண்டு இடங்களில் கைதட்டல்கூட எதிர்பார்த்தேன்.

கூடத்தில் அடுத்த தெரு அம்மாள் ஒருவர் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, பப்பாளி ஏதாவது..."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"இல்லைங்கக்கா. நஞ்சுக்கொடி சரியா வேலை செய்யல. அசையலைன்னு சொன்னேன், கரிநாள்னு உக்கார வச்சிட்டாங்க."

அத்தை அவசரமாக வாசல் பக்கம் பார்த்தார்.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள் தங்கை. "அவ யாரு மாதிரி இருந்தான்னு கேளுங்க. என்ன பேரு வைக்க இருந்தேன்னு கேளுங்க."

அந்த அம்மாள் காபியைக் குடித்தார். மாமியார் முந்தானையைச் சரிசெய்தார். யாரும் கேட்கவில்லை.

தங்கையே பேரைச் சொன்னாள், அடுப்படி வரை கேட்கும்படி.