தேஹு ரோட்டுக்கு விடைபெறப் போனோம்

காலை எட்டேகால் மணிக்குப் புனே நிலையத்தில் இறங்கினோம், நானும் என் பத்து வயது மகள் நிவேதாவும். ஆவடியிலிருந்து ஏறக்குறைய ஆயிரத்து நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, அவளுடைய சிநேகிதி சானிகாவிடம் விடைபெற. போன வருடமே நடந்திருக்க வேண்டியது. நடக்கவிடாமல் செய்தவன் நான்.

8.50. தேஹு ரோட்டுக்கு லோனாவாலா லோக்கல் ரயில். எனக்குப் பத்து ரூபாய் டிக்கெட், அவளுக்கு அரை டிக்கெட். சிவாஜிநகர், கட்கி, தாபோடி என்று ஒவ்வொரு நிலையமும் வருவதற்கு முன்பே பெயரை முணுமுணுத்தாள். ஒன்றையும் மறக்கவில்லை.

தேஹு ரோடு ராணுவ டெப்போவில் எட்டு வருடம் கிளார்க்காக இருந்தேன். மாற்றல் வந்தால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளிடம் மூச்சு விடமாட்டோம். கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிப்போய், அங்கிருந்தே புது இடத்துக்குக் கூட்டிப்போய்விடுவோம். அழுகை, ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. நானும் அப்படித்தான் சொந்த ஊரான ஆரணியிலிருந்து நேராக ஆவடிக்குக் கூட்டிப்போனேன். நிவேதா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "எம் பொண்ணுக்கு மனசு கெட்டி" என்று ஆபீஸில் பெருமையடித்தேன். சானிகாவோடு போனில் பேசவா என்று கேட்டபோதும், "வேணாம்மா, பழகிக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மாதம் முன்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நிவேதா வகுப்பில் யாரோடும் சேர்வதே இல்லையாம். வீட்டில் விசாரித்தேன். "எப்படியும் கெளம்பிடுவோம்ல. எதுக்குப்பா சேரணும்?" என்றாள். இதைத்தான் கெட்டி என்று ஒரு வருடம் கொண்டாடியிருக்கிறேன். அன்றே சானிகாவின் அம்மாவுக்குப் போன் செய்து, லீவு கிடைத்ததும் வருகிறோம் என்றேன்.

9.35. ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். டெப்போவில் வேலை பார்த்தவன் என்று அவரிடம் சொன்னேன்.

"டிரான்ஸ்ஃபர் ஆயிட்டீங்களாண்ணே? போனவங்க யாரும் வாபஸ் வரமாட்டாங்களே."

"பாப்பாவோட ஃப்ரெண்டப் பார்க்க வந்தோம்."

"அவ்ளோ தூரத்துலருந்தா?" என்று கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பத்து மணி. குவார்ட்டர்ஸில் சானிகாவின் அம்மா தட்டு நிறைய போஹாவோடு, அதாவது அவல் உப்புமாவோடு, காத்திருந்தார். சிறுமிகள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று கற்பனை செய்துகொண்டே வந்தவன் நான். அவர்களோ எதிரெதிர் சுவரோரம் நின்றார்கள். சானிகா ஒரு சாண் வளர்ந்திருந்தாள். கடைசியில் அவள்தான் இந்தியில் கேட்டாள்: "ஸ்கூல் திறந்ததும் பக்கத்துல உனக்கு இடம் பிடிச்சு வச்சிருந்தேன். ஒரு வாரம், தெரியுமா? ஏன் சொல்லாமப் போன?"

நிவேதா என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு அவளிடம், "மறந்துட்டேன்" என்றாள்.

எனக்காகச் சொன்ன பொய். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, தன் சிநேகிதி முன்னால் தன்னையே கெட்டவளாக்கிக்கொண்டாள். அந்த இடத்தில் எனக்கு முகம் இல்லாமல் போயிற்று.

"அவ மறக்கலம்மா" என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். "அவளுக்கே தெரியாது. நான்தான் மறைச்சு வச்சேன். தப்பு என்னோடது."

"அவகிட்டயுமா சொல்லல, அங்கிள்?" சானிகா கோபமாகவே கேட்டாள். பிறகு நிவேதாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டு நேரம் வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

மாலை 4.20. தேஹு ரோடு பிளாட்பாரம். ரயில் நகர்ந்தபோது சானிகா கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். அவள் மறைந்ததும் நிவேதா அழ ஆரம்பித்தாள். சத்தமாக, பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். எதிர்சீட்டு அம்மாள் என்னவோ நான் அடித்துவிட்டது போல முறைத்தார். அழும் பிள்ளையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நான் அவளை அழவிட்டதே இல்லை. கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.

"வேணாம்ப்பா" என்றாள். "இன்னும் முடியல."

ஆகுர்டி போயிற்று, சிஞ்ச்வட் போயிற்று. நான் கைக்குட்டையோடு காத்திருந்தேன்.