நாற்பது பாகை, எங்கிருந்து?

முதல் தடவை நாற்பத்திரண்டு. இரண்டாம் தடவை நாற்பத்தேழு. தேர்ச்சி பெற ஐம்பது வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை இரும்பைத் தூக்கி இறக்கியவர், ஒருவர் காலிலும் ஒரு நட்டைக்கூடப் போடாதவர், மூன்று மதிப்பெண்ணில் விழுந்து கிடந்தார்.

பட்டறையில் அவருக்குப் பெயர் கொக்கியக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே யாரென்று தெரியாது. வயது நாற்பத்து மூன்று. வேலை, ரிக்கர். கிரேனை ஓட்டுபவர் மேலே கூண்டில் இருப்பார். கீழே நின்று சுமையில் இரண்டு ஸ்லிங், அதாவது தூக்குக் கயிறு, மாட்டி, கொக்கியில் கோத்து, கையசைத்து ஏற்றி இறக்குவது இவர். தலைக்கு மேலே இருபது டன் தொங்கும்போது பட்டறை முழுவதும் பார்ப்பது அவருடைய வலது கையை மட்டும்தான்.

ஸ்லிங் இரண்டும் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதை அளக்க அவருக்குக் கருவி வேண்டாம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்துக் கொக்கிக்கு நேராகப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடுவார். "அம்பத்தஞ்சு," என்பார். ஐம்பத்தைந்தாகத்தான் இருக்கும். தொண்ணூறுக்கு மேல் விரிந்தால் தூக்கமாட்டார். யார் வந்து கத்தினாலும் சரி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

சிக்கல் புது நிர்வாகத்தோடு வந்தது. அடுத்த ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து, கிரேனுக்குக் கை காட்டுபவர் மேற்பார்வையாளர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லாதவர் டூல் ஸ்டோருக்குப் போகலாம். ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை. சான்றிதழுக்கு நான்கு தாள்கள். பாதுகாப்பு விதி, கயிறும் சங்கிலியும், சைகை, மூன்றையும் அக்கா ஒரே மூச்சில் முடித்துவிட்டார். நான்காவது நிலையியல். அசையாமல் நிற்கும் பொருளின் மேல் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு விசை என்று கணக்குப் போடும் பாடம். மொத்தம் மூன்று வாய்ப்பு. இரண்டு போய்விட்டது. மூன்றாவது டிசம்பர் பதினான்கு.

அவர் பள்ளியை விட்டது எட்டாம் வகுப்பில். சைன், காஸ் எல்லாம் அதற்கு அப்புறம் வருகிற சங்கதி. டியூஷன் வகுப்புகள் ஷிப்ட் நேரத்தில் நடந்தன. மிச்சம் இருந்தது இணையத்தில் வீடியோ பாடம். நாற்பத்தாறு பாடங்கள், இலவசம், நடுநடுவே ஷாம்பு விளம்பரம்.

பாடம் எடுப்பவரின் முகம் ஒரு பாடத்திலும் தெரியாது. ஒரு கை, ஒரு பேனா, ஒரு குரல். எதைச் சொன்னாலும் முடிவில் "ரொம்ப ஈஸி" என்பார். அக்கா அவருக்கு ஈஸி சார் என்று பெயர் வைத்தார். முதல் மாதம் அதைப் பாசமாகத்தான் சொன்னார்.

அவர் படித்த இடத்தையும் சொல்ல வேண்டும். பெண்கள் உடைமாற்றும் அறையில் சிக்னல் கிடையாது. ஒரே ஒரு ஜன்னலில் இரண்டு கோடு வரும். அந்த ஜன்னலுக்கு வெளியே கம்ப்ரஸர். நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை அது உறுமும், ஈஸி சார் வாயடைப்பார். சாப்பாட்டு இடைவேளை முப்பது நிமிடம். போனின் திரையில் கீழ்மூலை முழுக்க விரிசல். அதனால் அக்கா திரையைப் பார்ப்பதை விட்டு, காதில் இயர்போனை அழுத்திக்கொண்டு, கேட்டதை நோட்டில் எழுதினார். இரண்டு கயிறு. சுமை 10. கோணம் 60. ஒரு கயிற்றின் இழுவிசை என்ன?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவர் மக்கு இல்லை. செங்கோண முக்கோணம் இரண்டே நாளில் பிடிபட்டது. எதிர்ப்பக்கம், அடுத்த பக்கம், கர்ணம் என்பதை அலமாரிக் கதவின் உட்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்தார். வெக்டர் அவருக்கு வெல்லம் தின்கிற மாதிரி. "இதைத்தானேடா தினம் செய்யறோம். நீ அந்தப் பக்கம் இழு, நான் இந்தப் பக்கம் இழுக்கறேன், சாமான் நடுவுல போவுது!" என்று வெல்டர்களுக்குப் பாடமே எடுத்தார். சுவரில் சாய்ந்த ஏணிக் கணக்கு வந்தது. சரிவில் நிற்கும் பெட்டிக் கணக்கு வந்தது. வராதது ஒன்றே ஒன்று: இரண்டு கயிற்றில் தொங்கும் சுமை. தன் சொந்தத் தொழிலிலேயே அவர் விழுந்தார்.

அதிலும் முதல் கணக்கு சரியாகவே வந்தது. சுமை 10, கோணம் 60, விடை 5.77. ஈஸி சாருக்கும் அதே 5.77. அன்று மதியம் அக்கா சாப்பாட்டை நான்கு பேருக்குப் பங்கு வைத்தார். அடுத்த கணக்கு, கோணம் 40. அக்காவுக்கு வந்தது 5.32. ஈஸி சாருக்கு 7.78. மறுபடி போட்டார். 5.32. கால்குலேட்டரை மாற்றிப் போட்டார். 5.32. 30 பாகை, 50 பாகை, 25 பாகை, எல்லாமே தப்பு. இதுதான் அவரை ஆட்டிவைத்தது. எல்லாம் தப்பு என்றால் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். ஒன்று மட்டும் ஏன் சரியாக வர வேண்டும்?

வீட்டில் பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் மகள் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு சைன் எது, காஸ் எதுன்னு குழப்பம். அவ்வளவுதான்."

"குழப்பமே இல்லடி. பாரு, இதான் கர்ணம், இது அடுத்த பக்கம். அப்போ காஸ்."

"படம் சரிதான்... ஆனா அவர் சைன் போட்டிருக்காரே?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

"எங்கிட்ட ஏன் கத்தறே? அப்போ மனப்பாடம் பண்ணிக்கோ. கயிறு வந்தா சைன்."

அக்கா மனப்பாடம் செய்தார். வழக்கம்போலக் கோணத்தைப் பாதியாக்கி, காஸுக்குப் பதில் சைனைப் போட்டார். இப்போது அறுபதும் தப்பாகிவிட்டது.

கணவர் தையல்காரர். இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல் கருத்துச் சொல்வது அவர் வழக்கம். "முப்பது வருஷமா சட்டைக்குக் கை வெட்டறேன். ஒருத்தனும் எங்கிட்ட காஸ் கேட்டதில்ல."

"உங்க சட்டை தலைமேல விழுந்து யாரும் சாகப் போறதில்ல."

"அதுவும் சரிதான்," என்று மிதியை மிதித்தார்.

தேர்வுத் தாளிலும் படம் போட்டுத்தான் கேட்டார்கள். ஆனால் அக்கா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கயிறு, ஒரு கொக்கி, ஒரு சுமை. தினமும் கண்ணால் பார்ப்பதைக் காகிதத்தில் வேறு பார்க்க வேண்டுமா? எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கில் இறங்கினார். திருத்திய தாளைத் திருப்பித் தருவதில்லை. மதிப்பெண் மட்டும் குறுஞ்செய்தியில் வரும். எங்கே தப்பு என்று கேட்க ஒரு ஜன்னலும் இல்லை.

இரண்டாம் தோல்விக்கு மறுநாள் அவர் தொங்கும் சுமை வரும் பதினான்காம் பாடத்தின் கீழே எழுதினார்: "சார், இதில் விடை தப்பு. 5.32 வர வேண்டும். நான் பத்தொன்பது வருடமாக இதே வேலை பார்க்கிறேன்." ஆறு நாள் கழித்து ஈஸி சாரிடமிருந்து ஒரு சிவப்பு இதயம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் மட்டும் பதில் போட்டிருந்தார்: "அக்கா பேசிக் வீக். பாடம் மூணு பாருங்க."

"பேசிக் வீக்காம்!" அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி மதியம் அவர் ஃபோர்மேன் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, சோதனை பீம் வேணும். ரெண்டு தொங்கு தராசும் வேணும். அரை மணி நேரம்."

"எதுக்கு?"

"அந்த ஆள் சொல்றது தப்புன்னு காட்டணும்."

"எந்த ஆள்?"

"ஈஸி சார்."

ஃபோர்மேன் டீயை மேசையில் வைத்தார். "ஏன் கொக்கி, அவர் தப்புன்னு நீ காட்டிட்டா உனக்கு மூணு மார்க் கூட்டிப் போடுவாங்களா?"

"மார்க் வேணாம் அண்ணே. வயித்தெரிச்சல் அடங்கும்."

சோதனை பீம் என்பது நான்கு மீட்டர் இரும்பு. மேலே தகடுகளைப் பற்றவைத்துச் சரியாக ஆயிரம் கிலோவாக்கியது. முதுகு நெடுக வரிசையாகக் காதுகள். எந்தக் காதில் மாட்டுகிறோமோ அதற்கேற்ப ஸ்லிங் விரியும், சுருங்கும். அக்கா ஒவ்வொரு ஸ்லிங்கிலும் ஒரு தராசைக் கோத்தார். விரலை விரித்தார், கண்ணை மூடினார், நாற்பது. நம்பாதவர்களுக்காகக் கொக்கியடியில் கோணமானியையும் வைத்துக் காட்டினார். நாற்பது. கையசைத்தார். பீம் தரையை விட்டு ஒரு சாண் எழுந்தது.

இடது தராசு 530. வலது தராசு 534.

"பாத்தீங்களா! பத்துக்கு அஞ்சு புள்ளி முப்பத்திரண்டு, ஆயிரத்துக்கு ஐந்நூத்தி முப்பத்திரண்டு! யாருக்கு பேசிக் வீக்கு?"

வெல்டர்கள் கை தட்டினார்கள். ஃபோர்மேன் போனில் படம் எடுத்தார். அங்கேயே நிறுத்தியிருந்தால் அக்கா மூன்றாவது தடவையும் தோற்றிருப்பார்.

ஆனால் தூக்கிய எதையும் இரண்டாம் தடவை சரிபார்க்காமல் விடுவது அவர் கைக்கு வராது. 7.78 என்று ஒருவன் சொல்கிறான் என்றால், அந்த 778 எங்கே வரும் என்றாவது பார்க்க வேண்டாமா? பீமை இறக்கி, இரண்டு காது தள்ளி மாட்டித் தூக்கினார். இன்னும் தள்ளினார். எழுபதில் 610. தொண்ணூறில் 707. அடுத்த காதுக்குக் கை போனபோது ஃபோர்மேன் தடுத்தார்.

"ஏய், தொண்ணூறு தாண்டுது. உன் ரூல்தானே அது?"

"ஒரு டன்னுக்கு அஞ்சு டன் ஸ்லிங் போட்டிருக்கேன் அண்ணே. இன்னிக்கு ஒரு நாள்."

தூக்கினார். 776. 780. கொக்கியடியில் கோணமானி நூறைக் காட்டியது. பத்தொன்பது வருடத்தில் அந்தப் பட்டறையில் அப்படி ஒரு விரிப்பில் எதையும் அவர் தூக்கியதில்லை. ஸ்லிங் இரண்டும் கிட்டத்தட்டப் படுத்திருந்தன. அப்படிப் படுத்த கயிறு பீமின் முதுகோடு சேரும் மூலை அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. கோணமானியை அங்கே வைத்தார்.

நாற்பது.

அக்கா கையுறையைக் கழற்றினார். ஜன்னலுக்குப் போய்ப் பதினான்காம் பாடத்தை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, விரிசல் இல்லாத பக்கத்துக்கு நகர்த்தினார். ஈஸி சார் கோணத்தைக் குறித்த குட்டி வளைவு கொக்கியடியில் இல்லை. கீழே, கயிறும் சுமையும் சேரும் இடத்தில் இருந்தது. அவர் கணக்கில் நாற்பது என்பது கிடைமட்டத்திலிருந்து நாற்பது. பட்டறையில் நாற்பது என்றால் கயிறுகளுக்கு நடுவில் நாற்பது, சுகமான, குறுகலான தூக்கு. பாடத்தின் நாற்பதோ, அக்கா கையைக் கட்டிக்கொண்டு மறுத்திருக்கக்கூடிய தூக்கு.

"அப்போ அந்த அறுபது?" என்றார் ஃபோர்மேன்.

அக்கா தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டார். மேலே அறுபது என்றால் கீழே இரண்டு பக்கமும் அறுபது. எங்கிருந்து அளந்தாலும் அறுபது. வேறு எந்த எண்ணுக்கும் இது நடக்காது. அந்த ஒரே எண்ணைத்தான் ஈஸி சார் முதல் கணக்கில் வைத்திருந்தார்.

கண்டுபிடித்துவிட்டால் சந்தோஷம் வரும் என்பார்கள். அக்காவுக்கு வரவில்லை. "ஏழு மாசம்," என்றார். சாக்பீஸை எறிந்தார். "ஏழு மாசம்! 'எங்கிருந்து அளக்கறோம்'னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, அந்த ஆள் வாயத் தொறந்து சொல்லியிருந்தா?"

"சொல்லியிருப்பார். கம்ப்ரஸர் ஓடியிருக்கும்," என்றார் ஃபோர்மேன்.

அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அன்று மாலை மகளுக்குப் படத்தைக் காட்டினார். அவள் ஒரு நொடி பார்த்தாள். "ஐயோ அம்மா, கோணம் கீழ இருக்கு. நீ உன் நோட்டுல போட்ட படத்தையில்ல எனக்குக் காட்டினே?" அவளுக்குத் திட்டு விழுந்தது. கணவர் மிதியை நிறுத்திவிட்டு, "இடுப்பளவை இடுப்புல எடுத்தியா, தொப்புளுக்குக் கீழ எடுத்தியான்னு நான் கேக்காம வெட்டமாட்டேன்," என்றார். அன்று அவருக்கும் திட்டு விழுந்தது.

மிச்சமிருந்த பதினோரு நாளில் அக்கா தொங்கும் சுமைக் கணக்கு அத்தனையையும் முதலிலிருந்து போட்டார். ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் நோட்டில் ஒரே கேள்வி: எங்கிருந்து? அதற்குப் பதில் எழுதாமல் கால்குலேட்டரைத் தொடவில்லை. பதினான்காம் தேதி தேர்வு மேசையில் தாளைக் கிட்டத்தில் வைத்துப் படங்களை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரர் இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பரிதாபப்பட்டாராம்.

முடிவு இருபத்தேழாம் தேதி வந்தது. எழுபத்தொன்று.

அக்கா போனை அப்படியே ஃபோர்மேன் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் எழுந்து கை கொடுத்தார். பிறகு உட்கார்ந்தார். அந்த உட்காரலே சரியில்லை.

"சர்டிபிகேட் எப்போ வரும்?"

"தபால்ல எட்டு வாரம்னு போட்டிருக்கு."

"கையில பேப்பர் இருந்தாத்தான் செல்லும்னு மேலிடம் சொல்லுது, கொக்கி. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

"மார்க் வந்திருக்கே அண்ணே!"

"மார்க் செல்லாதாம். பேப்பர்தானாம்."

வெளியிலிருந்து சான்றிதழ் உள்ள ஒருவரை எட்டு வாரத்துக்கு அனுப்புகிறார்கள். அவர் இதுவரை பார்த்ததெல்லாம் கிடங்கு வேலை. பத்து டன்னுக்கு மேல் தூக்கியதில்லை என்று அவரே போனில் சொல்லிவிட்டார். அக்கா அவருக்காக ஒரு தாளில் பட்டறையின் தூக்குகளைப் படம் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு கோணத்துக்குப் பக்கத்திலும் எங்கிருந்து அளந்தது என்று எழுதியிருக்கிறது.

ஒன்றாம் தேதி வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கொக்கியக்கா டூல் ஸ்டோரின் சாவியை வாங்கிக்கொள்கிறார்.